எட்டரை நொடி

ஒரு பிரேமுக்குப் பதினோரு நிமிடம்.
மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு பிரேம்.
முப்பத்தொன்பது மணி நேரம் என்று விரல் மடக்கிச் சொல்லிவிட்டு
சஜீஷ் டீ வாங்கப் போனான், தமிழ்நாட்டுப் பக்கம்.
இந்நேரத்துக்கு அந்த ஒரு கடைதான்.

வேலந்தாவளம், தக்காளி மண்டிக்கு மேல் மாடி.
கீழே கிரேடு இறக்குகிறார்கள்.
மேலே இரண்டு மின்விசிறி.
ஒன்று எங்களுக்கு,
ஒன்று பக்கத் தகட்டைக் கழற்றி வைத்த கம்ப்யூட்டருக்கு.

கொழிஞ்சாம்பாறைக் கல்யாணம்.
கோயில் படிக்கட்டில் பிரின்சி நிற்கிறாள், வெள்ளைப் பட்டு.
இடப்பக்கம் தாய்மாமன் இன்னாசிமுத்து,
விறைத்த வேட்டி, சிரித்தால் ஒரு தங்கப்பல்.
வரப்போரத்து நாலு தென்னை யாருடையது என்று
மார்ச்சில் கோர்ட்டுக்குப் போய்விட்டார்கள்.
'அந்தாள எடுத்துருங்க' என்றார்
பெண்ணின் அப்பா சூசைமாணிக்கம்.
'ஆல்பத்துல வெட்டியாச்சு.
வீடியோவுலதான் பாக்கி.'

முதல் நாற்பது பிரேம் ஒழுங்காகத்தான் ஓடியது.
பிறகு மெமரிக் கோடு உச்சியில் போய் ஒட்டிக்கொண்டது,
முப்பத்திரண்டு ஜிபியும் நிறைந்து.
ஹார்டு டிஸ்க் கரகரத்தது.
இடம் இல்லையென்றால் இது
கையிலிருப்பதை டிஸ்க்கில் இறக்கும்,
உடனே அதுவே வேண்டுமென்று ஏற்றும்,
மறுபடி இறக்கும்.
வாளையாறு வரிசையில் ஓர் இரவு கிடந்தவர்களுக்கு
இதை விளக்க வேண்டியதில்லை.
ரோடு இருக்கும், லாரி இருக்கும், டிரைவர் விழித்திருப்பார்.
ஒன்றும் நகராது.

நோடு நோடாக அணைத்துப் பார்த்தேன்.
நிறம் திருத்தியதை அணைத்தேன், ஒன்றுமில்லை.
பூத்தூவலை அணைத்தேன், ஒன்றுமில்லை.
ஒரு மங்கல் மட்டும்
சட்டத்துக்கு வெளியே, யாரும் பார்க்காத இடத்தில்,
பத்தொன்பதாயிரம் பிக்சல் அகலத்துக்கு
வெறும் கறுப்பைச் சுமந்துகொண்டிருந்தது.
வெட்டினேன். பதினொன்று ஏழானது.
முப்பத்திரண்டு பிட்டைப் பதினாறாக்கினேன். ஆறு.
ஒரே நேரத்தில் எட்டு பிரேம் போட்டுக்கொண்டிருந்ததை
இரண்டு போதும் என்றேன்.
நாலரை.

அதற்குமேல் இறங்கவில்லை.

கடைசியாக மாமனை அழிக்கும் நோடு.
அதை அணைத்ததும்
வேட்டியும் பல்லுமாக வந்து நின்றார்.
பிரேம் ஒன்பதே நொடியில் முடிந்தது.

அப்புறம்தான் புரிந்தது.
அவர் நின்ற இடத்தில் சுவர் வரவேண்டும்.
சுவரோ அவர் அசையும்போதுதான் தெரியும்,
இங்கே ஒரு விரற்கடை, அங்கே ஒரு விரற்கடை.
அதைப் பொறுக்க
முன்னால் அறுபது பிரேமும் பின்னால் அறுபதும்
ஒவ்வொரு தடவையும் திறந்து வைத்திருந்தது.
அவர் இருக்க ஒரு பிரேம் போதும்.
இல்லாமலிருக்க நூற்றிருபது.

'மெமரி போரா சேச்சீ' என்றான் சஜீஷ், டம்ளரை வைத்து.
'இன்னொரு பதினாறு வாங்கிப் போடுவோமா?'
வாங்கினாலும் தின்றுவிடும் என்றேன்.

ஒரு வழி இருந்தது.
முப்பத்தொன்றாம் பிரேமில் மாமன் குனிகிறார்.
பிரின்சியின் சேலை ஓரம் செருப்பில் மாட்டியிருக்கிறது,
அதை எடுத்துவிடுகிறார்.
அந்த ஒரு கணம் அவருக்குப் பின்னால் சுவர் முழுசாக,
சுண்ணாம்பு உதிர்ந்த மூலை வரைக்கும், தெரிகிறது.
அந்தச் சுவரை மட்டும் நிறுத்தி எடுத்தேன்.
கீழ்ப்படிக்கு நூற்றுப்பதினெட்டிலிருந்து ஒரு துண்டு.
ஒட்டி, காமிரா அசைவோடு சேர்த்துக் கட்டி,
தனிப் படமாக எழுதி வைத்துவிட்டேன்.
இனித் தேட வேண்டாம்.

பதினாலு நொடி.
சேவல் கூவுமுன் முடிந்துவிடும்.

முடிந்தது. ஓட்டிப் பார்த்தோம்.
சுவர் சுத்தம். நிழல்கூட இல்லை.
நூற்றறுபத்து மூன்றில் பிரின்சி இடப்பக்கம் திரும்பி
சுவரைப் பார்த்துச் சிரிக்கிறாள்.
அதை யாரும் எடுக்கச் சொல்லவில்லை.

முப்பத்தொன்றில்
சேலை ஓரம் தானாகத் தூக்கிக்கொண்டு
செருப்பிலிருந்து விடுபடுகிறது.
சஜீஷ் இரண்டு தடவை நிறுத்திப் பார்த்தான்.
அதைத் திருத்த இன்னொரு நாள் வேண்டும்.

கேட்டால் காற்று என்று சொல்லு, என்றேன்.
கணவாய் ஊரில் காற்றுக்கா பஞ்சம்.