கவலை குறைந்த இனம்

பாங்வேலு சதுப்பில், பாப்பிரஸ் கோரைக்குள்
மூன்று மாதமாகக் காவல்.
முன்பு மீன்பிடித்த அதே படகுதான்.
வலை கிடந்த இடத்தில் இப்போது ஒரு படிவம்,
தண்ணீர் புகாத உறையில்.

பெயர்: செருப்பலகன்.
குடும்பம் என்ற கட்டத்தில்
முபாங்கா எழுதச் சொன்னது: தனி.
ஒரு காலத்தில் நாரைகளோடு சேர்த்து வைத்திருந்தார்களாம்.
ரத்தத்தைச் சோதித்த பிறகு
கூழைக்கடாவுக்குப் பக்கத்து வீடு என்றார்களாம்.
வீடு மாறியது, சரி.
வீட்டுக்குள் வேறு ஆளில்லை.
வாழிடம்: தெற்கு சூடானில் தொடங்கி எங்கள் சேறு வரை,
கிழிசல் கிழிசலாக.
நிலை: அழிவாய்ப்பு.
என் சம்பளம் அந்த ஒரு சொல்லிலிருந்து வருகிறது.

ஆறு மணி, அசையவில்லை.
ஏழு, அசையவில்லை.
பத்தரைக்கு ஒரே பாய்ச்சல்;
கெளுத்தி ஒன்று தலையை இழந்தது.
எழுதினேன்.

என் வீட்டு அத்தி மரத்திலும் ஒன்று உண்டு.
சுத்தியல்தலையன்.
குச்சி, களிமண், கசோந்தேயின் ஒற்றைக் காலுறை,
வானொலியிலிருந்து பிடுங்கிய கம்பி
எல்லாம் வைத்துக் கட்டிய கூடு;
மேலே ஓர் ஆள் ஏறி நின்றாலும் தாங்கும்.
அதுவும் தன் குடும்பத்தில் ஒற்றை ஆள்.
அதற்கும் கூழைக்கடாதான் தூரத்து உறவு.
ஆனால் ஆப்பிரிக்காவில் பாதிக்கு மேல் அதன் ஊர்,
கடல் தாண்டி மடகாஸ்கர்,
அரேபியாவின் ஓரத்தில்கூட.
அதற்கு ஏன் படிவம் இல்லை என்று கேட்டேன்.
"கவலை குறைந்த இனம்" என்றாள் முபாங்கா.
யாருடைய கவலை என்று கேட்கவில்லை.
அந்தக் கூட்டைக் கலைத்தால் வீடு விளங்காது என்பார்கள்.
சம்பளமில்லாத காவல், பயம்.

செவ்வாய்க்கிழமை
செருப்பலகன் கூட்டில் இரண்டு குஞ்சுகள்.
மூத்தது இளையதைக் கொத்தியது.
தாய் அலகில் நீர் மொண்டு வந்து
மூத்ததன் மேல் ஊற்றியது.
வெயில் இரண்டுக்கும் ஒன்றுதான்.
தலையிடக் கூடாது, எழுது என்பது உத்தரவு.
துடுப்பைத் தொடையடியில் வைத்து
அதன் மேல் உட்கார்ந்துகொண்டேன்.
புதன்கிழமையும் எழுதினேன்.
வியாழன், எழுத ஒரு குஞ்சுதான் இருந்தது.

இருட்டுவதற்குள் வீடு திரும்பினேன்.
அத்தி மரத்துக் கூட்டை ஆந்தை பிடித்திருந்தது.
கட்டியது பக்கத்துக் கிளையில்
முதல் குச்சியிலிருந்து தொடங்கியிருந்தது.
நீளமான குச்சி; நிற்கவில்லை, விழுந்தது.
இறங்கி எடுத்தது.
மறுபடி விழுந்தது.

"எத்தனை இன்றைக்கு?" என்றாள் சிசாலா.
"ஒன்று."
அவள் மேற்கொண்டு கேட்காமல் தட்டை வைத்தாள்.
கெளுத்தி.
தலையோடு.