இல்லாத வரி

டப்பாவின் மேல் எழுதியிருந்தது: நூற்று முப்பத்தைந்து.
முந்நூறு தோட்டா முனைகள், செம்பு பூசியவை,
கதவடைத்த இன்னொரு கிளப்பின் கழிவு விலைச் சரக்கு.
குணாளன் பேரம் பேசி வாங்கிவந்து
ராவாங் கொட்டகையில் என் மேசைமேல் வைத்தார்,
மலிவாய் மீன் கிடைத்தவர் முகத்தோடு.

கையேடுகள் மூன்று. மூன்றிலும்
நூற்று இருபத்துநான்கு இருந்தது,
நூற்று நாற்பத்தேழு இருந்தது.
நடுவில்
ஒரு வரி முடிந்து அடுத்த வரி தொடங்கும்
அச்சுக்கோடு மட்டும்.

"ரெண்டையும் கூட்டி ரெண்டால வகுங்க, முடிஞ்சது லா"
என்றார் சூன் ஹுவாட், துப்பாக்கியைத் துடைத்தபடி.

வகுக்கத் தெரியாதவளா நான்?
பிரிக்ஃபீல்ட்ஸில் பதினோரு வருஷமாக
முந்நூற்று நாற்பது பேருக்குச் சம்பளம் போடுகிறேன்.
சேமநிதிப் பட்டியலில்
இருபது வெள்ளிக்கு ஒரு படி.
இடையில் விழுந்தவரை மேல்படி தாங்கிக்கொள்ளும்.
தப்பாகப் போட்டால் அடுத்த மாதம் திருத்தலாம்,
மன்னிப்புக் கடிதத்துக்குக்கூட மாதிரிப் படிவம் உண்டு.

பித்தளைக் கூட்டுக்குள் அடுத்த மாதம் கிடையாது.
முனை கொஞ்சம் நீண்டால் கொஞ்சம் ஆழமாய் இறங்கும்,
இறங்கினால் மருந்துக்கு இடம் சுருங்கும்,
சுருங்கிய இடத்தில் அழுத்தம் ஏறுவது
ஆத்திரக்காரன் குரல் ஏறுவது போல:
மெதுவாக, மெதுவாக,
அப்புறம் ஒரேயடியாக.
அந்த நேரம் பிடி இருப்பது
என் உள்ளங்கையில்.

பத்து முனைகளைத் தராசில் நிறுத்தேன்.
நெல்லெடையில் பத்தில் ஒரு பங்குகூடப் பிசகவில்லை.
திருப்பிப் பார்த்தால் அடியில் ஒரு குழி,
எந்தக் கையேட்டின் படத்திலும் இல்லாத குழி.
குழி இருந்தால் நீளம் வேறு.
நீளம் வேறென்றால்
எடை ஒத்துப்போய் என்ன ஆகப்போகிறது?

மருந்து செய்யும் கம்பெனிக்குக் கடிதம் போட்டேன்.
தீபாவளி போனஸ் கணக்கு முடிந்த பிறகுதான்
பதில் வந்தது, நாலு வரியில்:
அந்த முனையை நாங்கள் சோதித்ததில்லை.
ஊகித்துச் சொல்ல மாட்டோம்.
நீங்களும் ஊகிக்காதீர்கள்.
செய்தவரைக் கேளுங்கள்.

செய்தவர் ஈப்போ. டப்பாவின் அடியில்
பாதி அழிந்த தொலைபேசி எண்.
ஏழாவது இலக்கம் மூன்றா எட்டா?
மூன்றுக்கு ஒரு பல் மருத்துவர் கிடைத்தார்.
எட்டுக்கு ஒரு பெண், பின்னால் தண்ணீர் குமிழும் சத்தம்.
இப்போது அது வளர்ப்பு மீன் கடையாம்.
பழைய ஆள் போய் ஆறு வருஷமாம்.
எங்கே என்று தெரியாதாம்.
"இருங்க," என்றாள் மலாயில்,
"தொட்டிக்குப் பின்னால சுவத்துல
பென்சில்ல எழுதியிருக்கு. நூத்து முப்பத்தஞ்சு,
பக்கத்துல இன்னொரு நம்பர். படிக்கவா?"

எந்த மருந்துக்கு என்று எழுதியிருக்கிறதா?
இல்லை.
எந்தக் குழலுக்கு?
"நம்பர் மட்டும்தான் இருக்கு, காக்."
வேண்டாம் என்று நான் சொல்வதற்குள்
படித்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமைப் போட்டிக்கு
நூற்று இருபத்துநான்கையே கட்டிக்கொடுத்தேன்.
டப்பா மேல்தட்டில், நாடா ஒட்டி.
குணாளன் இரண்டு வாரம் பேசவில்லை,
மூன்றாம் வாரம் கோப்பி வாங்கிக்கொடுத்து
"அந்தச் சுவத்து நம்பர் என்ன?" என்றார்.
மறந்துவிட்டது என்றேன்.

மறக்கவில்லை.
போன மாதக் கடைசியில், வெளியே நாலு மணி மழை,
ஒரு லாரி ஓட்டுநரின் மிகைநேரக் கணக்கில்
வெள்ளிக்குப் பின்னால் சில்லறையாக
அதே எண் வந்து நின்றது.
கூட்டிப் பார்த்தேன். சரிதான்.
இன்னொரு முறை கூட்டினேன்.