பொருந்தாததை வெட்டுக

துணுக்காய் பிரதேச செயலகத்தில்
மூன்றாவது மேசை எனக்கு.
படிவத்தின் இரண்டாம் பக்கம் கேட்கிறது:
இழந்த உறுப்பு –
கை / கால் / கண் / செவி.
கீழே சின்ன எழுத்தில்,
பொருந்தாததை வெட்டுக.

கையை வெட்டினேன்.
காலை வெட்டினேன்.
கண்ணையும் செவியையும் வெட்டினேன்.
வெட்டி முடிய
என்னிடம் ஒன்றும் மிஞ்சவில்லை.

"அக்கா, எல்லாத்தையும் வெட்டிப்போட்டியளே"
என்கிறான் எழுதுவினைஞன் துசிகரன்.
நல்ல பொடியன்.
எங்கட கடைசி வருசத்தில்
அவனுக்கு ஏழு வயது இருந்திருக்கும்.

பக்கத்தில் பவளராணி.
அவளுக்கு வேலை சுகம்.
பாவாடைக் கரையைக் கொஞ்சம் தூக்கினாள்,
முத்திரை விழுந்தது.
முழங்காலுக்குக் கீழே
ஒரு சொல்லும் தேவைப்படவில்லை.
கடவுளறிய, அந்த நேரம்
அவளின் இல்லாத காலில்
எனக்குப் பொறாமை வந்தது.

"என்ன செய்யுது எண்டு எழுதுங்கோ, இடம் இருக்கு."
ஒன்றரை வரி இருந்தது.
அதற்குள் எதை எழுத?
விடிய எழும்பி அடுப்படி மட்டும் போறது
மாங்குளத்துக்கு நடக்கிற தூரமாய்ப் போனதையா?
மகள் தானே தலையிழுத்து
தானே பள்ளிக்கூடம் போறதையா?
பின்னேரம் நாலு மணிக்கு
இப்பவும் வண்டு இரையிறதையா?
வானத்தில் ஒண்டுமில்லை, தெரியும்.
தெரிஞ்சுகொண்டே
உலையை இறக்கி வைச்சிட்டு
கட்டிலுக்குக் கீழே போறதையா?

அழுகை என்றால் எழுதலாம்.
அழுகை வாறதில்லை.
அவிச்ச மரவள்ளிக்கு நடுவில் ஒரு தும்பு கிடக்குமே,
கடிபடாமல், கரையாமல்,
அப்படி ஒன்று.

கிளிநொச்சி கிளினிக்கில் சொல்லிப் பார்த்தேன்.
டொக்டருக்குத் தமிழ் தெரியாது.
பத்து நிமிசம் நான் சொன்னதை
தாதி மூன்று சொல்லில் அவருக்குச் சொன்னாள்.
அவர் தலையாட்டி
இரண்டு குளிசை எழுதினார்.
குளிசை நித்திரை தருது, பொய் சொல்லக்கூடாது.
அந்த மூன்று சொல்லும் என்னவென்று
இன்னும் எனக்குத் தெரியாது.

விதானையார் முதலே சொன்னவர்:
"யுத்தத்தால வந்தது எண்டு காட்ட வேணும், பிள்ளை."
அதைக் காட்ட
புனர்வாழ்வுக் கடதாசியைக் காட்ட வேணும்.
கடதாசியைக் காட்டினால்
அடுத்த கிழமை மோட்டச்சைக்கிளில் இரண்டு பேர்
சும்மா பார்த்திட்டுப் போக வருவினம்.
மகள் தண்ணி குடுப்பாள்.
அம்மாவிட்ட ஆர் ஆர் வாறவை எண்டு
அவளைக் கேப்பினம்.

கடைசிப் பக்கத்தில் இன்னொரு கேள்வி:
வேறு பெயர் ஏதும் உண்டா?
ஒன்பது வருசம் வோக்கியில்
என்னைக் கூப்பிட்ட பெயர்
பேனை நுனி மட்டும் வந்து நின்றது.
"இல்லை" என்று எழுதினேன்.
அந்தப் பெயரை எனக்கு வைத்தவள்
மாத்தளன் மணலுக்குள் கிடக்கிறாள்.
அவளையும் இல்லை என்று
கையெழுத்துப் போட்டமாதிரி இருந்தது.

"டொக்டரிட்ட ஒரு கடிதம் எடுத்துக்கொண்டு வாங்கோ.
எழுத மாட்டார்.
எண்டாலும் கேட்டுப் பாருங்கோ" என்றான் துசிகரன்.
நான் வெட்டிய படிவத்தை
கிழிக்காமல் மடித்து லாச்சிக்குள் வைத்தான்.

பஸ்சில் சனம்.
பவளராணிக்கு மட்டும் சீற் கிடைத்தது.
இருந்த உடனே காலைக் கழற்றினாள்.
புண் திரும்பவும் பிடிச்சிட்டுது.
"கொஞ்ச நேரம் வைச்சிரு" என்று
நின்றுகொண்டிருந்த என்னிடம் தந்தாள்.
வெயில் ஏறின பிளாஸ்திக்.
உள்ளே ஒரு சொக்ஸ், ஒரு பிடி செம்மண்.
பிள்ளையைத் தூக்கினமாதிரி
தோளில் சாய்த்துக்கொண்டு நின்றேன்.

கொண்டக்டர் வந்தான்.
காலைப் பார்த்தான்,
என்ர முகத்தைப் பார்த்தான்,
குனிந்து வேறெதையும் பார்க்கவில்லை.
முன் சீற்றிலிருந்த பொடியனை எழுப்பிவிட்டு
"நீங்கள் இருங்கோ, அக்கா" என்றான்.

இருந்தேன்.
மல்லாவிச் சந்தி மட்டும்
உனக்கு என்ன என்று
ஒருத்தரும் கேட்கவில்லை.
பின்னால் பவளராணி
வயித்தைப் பிடிச்சுக்கொண்டு சிரிக்கிறாள்:
"வடிவாய் இரடி.
இறங்கேக்க மறக்காமல் தந்திடு."