மொழி முதல் வாராதவை

கிருஷ்ணகிரி, ராயக்கோட்டை ரோடு,
மாம்பழக்கூழ் ஆலையை ஒட்டி இரண்டாம் மாடி.
ஜூன் முழுக்க கீபோர்டில்கூட பெங்களூரா பழத்தின் வாசம்.
பெட்டிகளின் பெயர்களுக்கு
நான் சல்லடை பின்னிக்கொண்டிருந்தேன்.

இங்கிலீஷ் எழுத்து இருபத்தாறு, எண் பத்து,
இடைக்கோடு ஒன்று.
இடைக்கோடு முதலில் நிற்காது, கடைசியிலும் நிற்காது,
நடுவில்தான் அதற்கு மரியாதை.
அடிக்கோட்டுக்கு இடமே இல்லை.
புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவே அறுபத்து மூன்றைத் தாண்டக் கூடாது.
எண்ணில் தொடங்கலாம்; அது பின்னால் வந்த சலுகை.
பெரிய எழுத்தா சின்ன எழுத்தா என்று பார்க்காது.
அந்த ஒன்றில் தமிழ் மாதிரி.

டகரம் மொழிக்கு முதலில் வராது என்று
பர்கூர் பள்ளியில் எழுதி முழு மார்க் வாங்கி
வெளியே வந்து டீ குடித்தவள் நான்.
விதி எனக்குப் புதிதல்ல.

வேப்பனப்பள்ளியா வேப்பனஹள்ளியா
என்ற தகராறு சல்லடைக்குத் தெரியாது.
இரண்டையும் விடும்.
இல்லாத ஊரையும் விடும், எழுத்து ஒழுங்காக இருந்தால்.

திங்கட்கிழமை ஓட்டினேன்.
இருநூற்றுப் பதினெட்டில் நாற்பத்தொன்று தள்ளுபடி.
அத்தனையும் திம்மராயன் வைத்த பெயர்.
"ரெண்டு சொல்லுக்கு நடுவுல கோடு போட்டா
பாய் விரிச்ச மாதிரி இருக்கும் மேடம்" என்றான்.
"எல்லாம் வேலை செய்யுதே?"

செய்கிறதுதான். ஏழு வருஷமாக.

ஊர் ஊராகப் போய் நாற்பது பாயைச் சுருட்டி
இடைக்கோட்டுக் கயிறு கட்டினான்.
மிச்சம் ஒன்று,
அஞ்செட்டி மலைமேல், ஆஸ்பத்திரிப் பெட்டி.
பெயர் ஒரே எழுத்து: கே.

"அன்னிக்கு செம மழை. லேப்டாப்ல தண்ணி பூந்துடுச்சு.
அந்த ஒரு பட்டனும் என்டரும்தான் அமுங்குச்சு."

புதிய வகையில் இரண்டு எழுத்தாவது வேண்டும்.
ஒலித்தால் அது வெறும் க்.
தனி மெய் சொல்லாகாது, நான் படித்த இலக்கணத்திலும்.
ஆனால் பிரசவக் கணக்கு, பாம்புக்கடிக் கணக்கு,
ராத்திரி ரத்தம் கேட்ட செய்தி எல்லாவற்றையும்
மலையிறக்கி அனுப்பியிருக்கிறது அந்த மெய்
உயிர் இல்லாமலே.

விதியைத் தளர்த்தலாமா?
ஒரு எண்ணை மாற்றினால் போதும்.
மத்தியானம் வரை கை அதன் மேலேயே இருந்தது.
கீழே லாரியில் பழம் கொட்டும் சத்தம்.
காயும் அழுகலும் தள்ளும் பெண்களின் கைகள்
யாரையும் கேட்டு நிற்கவில்லை.

பிறகு, பின்னால் ஓர் அகரம் சேர்த்தேன்.

க.

கூப்பிட்டேன்.
முப்பத்தொரு மில்லி வினாடியில் பதில் வந்தது,
நேற்று எடுத்துக்கொண்ட அதே நேரம்.

"கன்னா என்ன மேடம்?" என்றான் திம்மராயன்.
நாற்பது ஊர் அலைந்த பெட்ரோல் காசு
எப்போது வரும் என்றும் கேட்டான்.
இரண்டாவது கேள்வியை மட்டும்
ஒரு தாளில் குறித்துக்கொண்டேன்.