ஒற்றைத் திருகாணி

பம்பலப்பிட்டியில் ரஸீன் பில்லோடு தந்த எஸ்எஸ்டி,
ஒரு மாரி பிஸ்கட் பக்கற்றின் பாரம்கூட இல்லை.

கணினியின் பக்கத் தகட்டைக் கழற்றினேன்.
காலி வீதிப் பஸ் புகையும் கடல் உப்பும்
பதினொரு வருடமாய் விசிறியில் குடியிருந்திருக்கின்றன,
வாடகை தராமல்.

நாலு திருகாணியில் மூன்று வந்தன.
நாலாவது துரு. சுற்றியது, கழலவில்லை.
சரி, இரு.
புதியதை இரட்டைப்பக்க டேப்பில் ஒட்டினேன்.

நகல் எழுபத்தொரு வீதத்தில்
பழைய வட்டு டிக், டிக்.
ஒரு கோப்பை விடமாட்டேன் என்கிறது.
பெயரைப் பார்த்தேன்: வெள்ளவத்தை அனெக்ஸ் ஒப்பந்தம்,
சுகந்தன் கையெழுத்து வைக்காமல் போனது.
'தவிர்' என்பதை அழுத்தினேன்.

பன்னிரண்டு செக்கனில் எழும்பியது.
முன்பென்றால் அதற்குள்
தேத்தண்ணி ஊற்றிக் குடித்தும் முடிப்பேன்.
இப்போது கேத்தல் இன்னும் கொதிக்கவில்லை,
திரை என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறது.