பதினொரு பட்டாணி

ஏழு தானியம் வேண்டும்
கோஸ் இலையில் மடிக்க.
நுனுஃபார் எண்ணிப் பார்த்தாள்: ஆறு.
கியூம்ரியில் கடைகள் சாத்தியாயிற்று,
பனி முழங்கால் வரை.

மூன்றாம் மாடி ஹ்ராசிக்
கோட்டுப் பையைக் கவிழ்த்தான்:
ஒரு பஸ் டிக்கெட், ஒரு திருகாணி,
போன வருஷத்துப் பட்டாணி பதினொன்று.

"பதினொன்றைப் போய் ஒரு தானியம் என்பாயா?"
"ஒரு தானியந்தான். எண்ணுவது உன் வியாதி."

வெங்காயம் வதங்க வதங்க
சண்டையும் கொஞ்சம் இனித்தது.
அந்தப் பதினொன்றுக்குத் தனி அடுப்பு,
தனிப் பாத்திரம், தனி மரியாதை.

ஆறட்டும் என்றாள், ஆறினால்தான் ருசி.
பால்கனிப் பனியில் சட்டியைப் புதைத்துவிட்டு
ஐந்து பேரும் கண்ணாடியில்
மூக்கு ஒட்ட நின்றோம்.
எங்கள் மூச்சில் சட்டி மறைந்தது.
துடைத்தோம். மறுபடி மறைந்தது.

அறுபது மடிப்பு.
பதினொன்றில் மட்டும் பட்டாணி.
கடிபட்டால் கை தூக்க வேண்டும்.
ஹ்ராசிக் நான்கு முறை தூக்கினான், வெட்கமில்லாமல்.
எனக்கு வரவேயில்லை.

கடைசி மடிப்பை ஷோகெர்
பாதியாய்ப் பிட்டு
என் தட்டில் வைத்தாள்,
வேறெங்கோ பார்த்தபடி.

கொண்டைக்கடலை, பருப்பு,
கோதுமை நொய், புளித்த கோஸ் வாசனை.
பட்டாணி இல்லை.

கையைத் தூக்கினேன்.