பன்னிரண்டாம் எண்

கிருனாவில் நவம்பர்.
மதியம் இரண்டு மணிக்கே இருட்டிவிட்டது.
பழைய தீயணைப்பு நிலையத்தின் கீழ்த்தளத்தில்
ஹீட்டர்மேல் என் கையுறைகள் காய்கின்றன.
மடியில் குப்புறக் கிடக்கிறது கிட்டார்.

பதினான்கு வருடம் ஒன்பதாம் எண்ணில் வாசித்தேன்.
தலைமுடி மாதிரி கம்பி.
விரல் நினைத்தாலே வளையும்.
தும்மினால் சுருதி மாறும் என்பான் டவுனோ.
அவனுக்குத் தும்மல் அதிகம்.

போன மார்ச்சில் அவன் தொண்டையைத் திறந்தார்கள்.
கடலைப்பருப்பளவு கட்டி.
நல்ல கட்டிதான் என்றார் டாக்டர்.
அந்த நல்ல கட்டி போகிறபோது
குரலின் மாடியையும் எடுத்துக்கொண்டு போனது.
இப்போது அவனிடம் தரைத்தளம் மட்டும்.

எல்லாப் பாட்டையும் இரண்டு முழுச் சுரம் கீழே இறக்கினோம்.
இறக்குவது சுலபம்.
அந்த ஆழத்தில் ஒன்பதாம் எண் கம்பி
ஈரப் போர்வை போட்ட கொடிக்கயிறு.
தொய்ந்து, கட்டையில் உரசி,
சொல்லவேண்டியதை முழுங்கியது.
டவுனோவுக்குக் கேட்டது.
‘என்னாலதான்’ என்று அவன் சொல்லவில்லை.
சொல்லியிருந்தால் சண்டை பிடித்திருப்பேன்.

அதனால் இந்த உறை.
லூலியோவிலிருந்து தபாலில் வந்தது,
பன்னிரண்டு என்று முகத்தில் அச்சிட்டு.

பழையதை ஒவ்வொன்றாகத்தான் கழற்றவேண்டும்,
ஒரேயடியாக அறுத்தால் கழுத்து பதறும் என்பார்கள்.
ஒரேயடியாகத்தான் அறுத்தேன்.
பதறியது நான்.

புதியது உள்ளே இறங்கவில்லை.
தலைப்பக்கத்து எலும்புத் துண்டில் இருந்த பள்ளங்கள்
ஒன்பதின் இடுப்புக்கு வெட்டியவை.
ஊசி அரத்தால் தேய்த்தேன்.
பல் டாக்டர் அறை வாசனை.

முதுகுப் பலகையைத் திறந்தால் மூன்று ஸ்பிரிங்.
முன்னாலிருந்து ஆறு கம்பி இழுக்க
பின்னாலிருந்து இவை மூன்றும் இழுக்க
நடுவில் பாலம் எழும்பி நிற்கிறது,
வாசலில் வந்து நிற்கும் கடன்காரனைப் பார்த்தவன் மாதிரி.
ஆறாவதை ஏற்றினால் முதலாவது இறங்குகிறது.
முதலாவதை ஏற்றினால் நாலாவது.
ராமனிடம் வாங்கி சோமனுக்குக் கொடுக்கிற கணக்கு.
இன்னும் இரண்டு ஸ்பிரிங் மாட்டினேன்.
கழுத்துக்குள் ஓடும் இரும்புக்கு
கால் திருகு. மரம் முனகியது.
இன்னொரு கால் திருகு வைக்கத் துணிச்சல் இல்லை.

மூன்றாவது இப்போது சுற்றுக் கம்பி.
முழுச் சுரம் வளைக்க இழுத்தேன்.
அரையில் நின்றுவிட்டது.
மாட்டேன் என்றது, மரியாதையாகத்தான்.
இரண்டு விரல் சேர்த்தேன், மூன்று சேர்த்தேன்,
நகக்கண்ணில் ரத்தம் கட்டியது.
மாட்டேன்தான்.

ஒன்றரை மணிக்கு, எல்லா இரவும் போல,
அடியில் சுரங்கத்தில் வெடி வைத்தார்கள்.
இந்த இரும்புக்காகத்தான்
தேவாலயம் முதல் குப்பைத்தொட்டி வரை
ஊரே கிழக்கே நகர்ந்துகொண்டிருக்கிறது.
தரை ஒருமுறை விக்கியது.
யாரும் தொடாமலே
ஆறாவது கம்பி ‘ம்’ என்றது.
இரும்பு இரும்பைக் கூப்பிட்டது
என்று எழுதக் கை வருகிறது.
ஆம்ப்ளிஃபயரை அணைக்க மறந்திருந்தேன், அவ்வளவுதான்.

வியாழக்கிழமை ஒத்திகை.
சிக்னே குச்சியைத் தட்டி நாலு எண்ணினாள்.
முதல் வரியிலேயே டவுனோ கீழே இறங்கினான்,
இறங்கி, அங்கேயே இருந்தான்,
மூச்சு தீரும்வரை.
பாட்டு முடிந்ததும்,
‘ஆம்ப் மாத்தினியா?’
‘இல்ல.’
‘புது ஷூவா?’
‘இல்ல.’
விரல்களில் ஒட்டியிருந்த பிளாஸ்டரைப் பார்த்தான்.
தும்மினான்.
எதுவும் இறங்கவில்லை.

அடுத்த பாட்டின் நடுவில்
நான் தனியாக ஏறும் இடம் ஒன்று உண்டு.
கம்பியைத் தள்ளினேன். அரைச் சுரம்.
தள்ளினால் இன்னும் கொஞ்சம் வந்திருக்கலாம்.
டவுனோ மைக்கை விட்டுத் திரும்பிப் பார்த்தான்.
அங்கேயே விட்டேன்.

இடைவேளையில் சிக்னே
குப்பைக்கூடையிலிருந்து பழைய முதல் கம்பியை எடுத்து,
கழுவி, இரு முனையிலும் பென்சில் கட்டி,
பாலாடைக்கட்டி அறுத்தாள்.
நன்றாக அறுத்தது.